ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்பும் தம்பதிகளுக்கு: கடைசி நான்கு மாதப் பயணங்களைத் திட்டமிடும் முறை

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று ஒரு தம்பதி முடிவெடுத்ததும் வீட்டில் இரண்டு பட்டியல்கள் உருவாகின்றன. ஒன்று, முடிக்க வேண்டிய வேலைகள். மற்றொன்று, இத்தனை ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு இன்னும் பார்க்காத இடங்கள். பெரும்பாலோர் முதல் பட்டியலை முடித்துவிட்டு நிம்மதியாக ஊர் சுற்றலாம் என்று நினைக்கிறார்கள். ஜெர்மனியைப் பொறுத்தவரை அந்த வரிசை தலைகீழானது. வேலை ஒப்பந்தமும் வீட்டு முகவரியும் நடப்பில் இருக்கும்வரைதான் பயணம் எளிது. அவை முடிந்தபின் விசா, காப்பீடு, ரயில் பாஸ் என்று ஒவ்வொன்றாகக் கைநழுவும். ஆகவே முதலில் பயணம், பிறகு மூட்டை முடிச்சு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரே கருத்தின் விரிவுதான்.

மியூனிக்கில் வேலை பார்க்கும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு தம்பதி செப்டம்பர் 30-ஆம் தேதி வீட்டைக் காலி செய்வதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் மாதத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: இரண்டு கடிதங்களின் தேதியைக் குறியுங்கள்

வீட்டு உரிமையாளருக்குக் கொடுக்கும் அறிவிப்புக்கு மூன்று மாதக் கெடு உண்டு. செப்டம்பர் இறுதியில் காலி செய்ய வேண்டுமானால், ஜூலை மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் செல்லாது, காகிதத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறினாலும் ஒரு மாத வாடகை கூடும். அந்தத் தொகையில் இருவரும் ரோமாபுரிக்குப் போய் வந்துவிடலாம்.

வேலையை விடும் கடிதத்துக்கான கெடு உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் நான்கு வாரம்தான். ஆனால் பல நிறுவனங்கள் மூன்று மாதம் என்று எழுதியிருக்கும். சிலவற்றில் காலாண்டு முடிவில்தான் விலக முடியும். இந்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் மீதமுள்ள விடுப்பைக் கணக்கிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வேலை செய்திருந்து, ஆண்டின் பிற்பாதியில் விலகினால், சட்டப்படியான முழு ஆண்டு விடுப்பும் உங்களுக்கு உண்டு. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 20 நாள். அதற்கு மேல் ஒப்பந்தம் தரும் நாட்களை நிறுவனம் மாதக் கணக்கில் குறைக்கலாம். எடுக்க முடியாமல் போன விடுப்புக்குப் பணம் கிடைக்கும் என்பதால் சிலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடுப்பாகவே எடுங்கள் என்பது என் உறுதியான எண்ணம். சம்பளமும் மருத்துவக் காப்பீடும் தொடர, செல்லுபடியாகும் குடியிருப்பு அட்டையுடன் இருவரும் சேர்ந்து ஊர் சுற்றும் நாட்கள் இனி எப்போது வாய்க்கும்?

அந்த நாட்களை மொத்தமாகக் கடைசி மாதத்தில் குவிக்க வேண்டாம். ஜூனில் ஒரு வாரம், ஜூலையில் நீண்ட வார இறுதிகள் இரண்டு, ஆகஸ்டில் பெரிய பயணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் மியூனிக்கைச் சுற்றியுள்ள இடங்கள் மட்டும் போதும்.

இரண்டாவது படி: அட்டை எதுவரை செல்லும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மானியக் குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால், ஐரோப்பாவின் பொது விசா வட்டமான ஷெங்கனின் மற்ற நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஜெர்மனிக்குள் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. 2023-ல் குரோவேஷியாவும், 2025 தொடக்கத்தில் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாகச் சேர்ந்ததால் வட்டம் 29 நாடுகளாக விரிந்திருக்கிறது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேண்டும். கடைசி மாதங்களில் அதற்காக பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது. ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே மாண்டினீக்ரோ, செர்பியா, ஜார்ஜியா போன்றவை ஷெங்கன் குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் இந்தியர்களைக் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமல் அனுமதித்து வருகின்றன. விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் அன்று அந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

ரயிலில் எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட் தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அட்டை மட்டும் போதாது, இரண்டும் கையில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனை நடத்துகிறது. ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க்கிலிருந்து மாலையில் திரும்பும் ரயிலில்கூடப் போலீசார் ஏறுவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உயர்கல்வி பெற்ற பணியாளருக்கான ப்ளூ கார்டோ, திறன் பணியாளருக்கான அனுமதியோ வைத்திருப்பவர், வேலை முன்கூட்டியே முடிவதை அறிந்த இரண்டு வாரங்களுக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். கணவன் அல்லது மனைவியின் குடும்ப அனுமதியும் அதையே சார்ந்து நிற்கிறது. அது மட்டுமல்ல, நிரந்தரமாகப் போகும் நோக்கத்துடன் ஜெர்மனியை விட்டு வெளியேறும் கணத்திலேயே, அட்டையில் என்ன தேதி அச்சிட்டிருந்தாலும், அனுமதி சட்டப்படி முடிந்துவிடுகிறது. வீட்டை ஒப்படைத்து, பதிவையும் நீக்கிவிட்டு, இரண்டு பெட்டிகளோடு இத்தாலி சுற்றி ரோமிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறலாம் என்ற திட்டம் கேட்க அழகாக இருக்கும். அதைச் செய்யாதீர்கள். இத்தாலிக்கு முன்பே போய் வந்துவிடுங்கள். கடைசி விமானம் ஃபிராங்க்ஃபர்ட் அல்லது மியூனிக்கிலிருந்தே கிளம்பட்டும்.

மூன்றாவது படி: குடியிருப்பவருக்கு மட்டும் கிடைப்பதைத் தேர்ந்தெடுங்கள்

பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம் ஆகியவை ஓடிப்போவதில்லை. சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ பத்து ஆண்டு கழித்துக்கூடச் சுற்றுலாக் குழுவோடு போய்ப் பார்க்கலாம். அப்போது ஆளுக்கு 90 யூரோ விசாக் கட்டணமும், விண்ணப்ப மையத்தில் நேரம் வாங்கும் பாடும் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஊரிலிருந்து இரண்டு வார விசாவில் வரும் எவரும் பவேரிய மலைக் குடிலில் ஒரு இரவு தங்குவதற்கோ, ஹாலே நகரில் தமிழ்ச் சுவடிகள் உள்ள காப்பகத்தில் ஒரு பகல் உட்கார்வதற்கோ நேரம் ஒதுக்கப்போவதில்லை. மொழி கொஞ்சம் தெரிந்து, பஸ் அட்டவணை பழகி, வானிலை பார்த்து வெள்ளிக்கிழமை முடிவெடுத்துச் சனிக்கிழமை கிளம்பக்கூடியவர்களுக்கே அந்த இடங்கள் திறக்கின்றன. இந்த வசதியை அடைய உங்களுக்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அதை எட்டு நாளில் ஐந்து தலைநகரங்களுக்குச் செலவழிப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

தேர்வு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து ஆளுக்கு ஐந்து இடங்கள் எழுதுங்கள். இரண்டு தாளிலும் இருக்கும் இடத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு பயணம், மற்றவர் மறுப்புச் சொல்லாமல் உடன் வர வேண்டும். வெளிநாட்டில் இருவரில் ஒருவர்தான் பெரும்பாலும் விருப்பத்தோடு ஊர் திரும்புகிறார். மற்றவர் ஒத்துக்கொண்டு வருகிறார். அப்படி ஒத்துக்கொண்டவர் தேர்ந்தெடுத்த பயணத்தை முதலில் வையுங்கள்.

நான்காவது படி: ரயில்

ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸை, குடியுரிமை எதுவாக இருந்தாலும், முகவரிச் சான்று வைத்திருப்பவர் வாங்கலாம். குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஆனால் நீங்கள் குடியிருக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு முறை, திரும்பி வர ஒரு முறை மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கோடையில் அந்த ஒதுக்கீடு சீக்கிரம் தீரும். ஆகஸ்ட் பெரிய பயணத்துக்கு இந்த பாஸை எடுப்பதாக இருந்தால், முன்பதிவு கேட்காத ரயில்கள் அதிகமுள்ள ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் திட்டமிடுங்கள். பாஸின் முழுப் பயனும் அங்கேதான் கிடைக்கும்.

இரவு ரயிலில் இருவருக்கான தனி அறை எடுத்து ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். மியூனிக்கிலிருந்து ரோமுக்கும் வெனிஸுக்கும் ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் ஓடுகிறது. மாலையில் ஏறினால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் இருட்டில் கடந்து போகும். விடிந்ததும் வேறு வெயில், வேறு மண். டிக்கெட் விலை நாள் நெருங்க நெருங்க ஏறும். தேதி முடிவானதும் வாங்கிவிடுங்கள்.

உள்நாட்டுக்கு, நாடு முழுவதும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும். 2023 மே மாதம், மாதத்துக்கு 49 யூரோவில் தொடங்கி, 2025-ல் 58 யூரோவாகி, 2026-ல் 63 யூரோவாக இருக்கிறது. வட்டார ரயில், டிராம், நகர பஸ் எல்லாவற்றிலும் செல்லும். தொலைதூர விரைவு ரயில்களான ஐசிஇ, ஐசி ஆகியவற்றில் செல்லாது. எல்லையைத் தாண்டி ஸால்ஸ்பர்க் வரை போகலாம். இது சந்தா என்பதால் மாதத்தின் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாத இறுதியோடு நிற்கும். செப்டம்பர் கடைசி மாதமானால் செப்டம்பர் 10-ஐ நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் கட்டணத் தள்ளுபடி அட்டையான பான்கார்டும் (BahnCard) தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அதையும் நேரத்தோடு நிறுத்துங்கள்.

ஐந்தாவது படி: போக வேண்டிய இடங்கள் சில

மலைக் குடில்கள். ஆல்ப்ஸ் மலையேற்றச் சங்கத்தின் குடில்கள் ஏறக்குறைய ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை திறந்திருக்கும். உறுப்பினருக்குப் படுக்கைக் கட்டணம் குறைவு. உறுப்பினராக இருந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணம் விழாமல் இருக்க செப்டம்பர் 30-க்குள் விலகல் தெரிவிக்க வேண்டும். பலர் சேர்ந்து படுக்கும் கூடத்தில் இடம் கிடைக்கும். உள்ளே நுழைந்து தூங்கும் மெல்லிய துணிப்பை ஒன்றை நீங்களே கொண்டுபோக வேண்டும். ரொக்கமும் வைத்திருங்கள். மரக்கறி உண்பவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பாலாடைக்கட்டி போட்டுப் பொரித்த ரொட்டி உருண்டையும், துண்டுகளாக்கிய இனிப்பு முட்டை அப்பமான கைசர்ஷ்மார்னும் பல குடில்களில் உண்டு. வானிலை முன்னறிவிப்பு மோசமாக இருந்தால் தயங்காமல் ரத்து செய்யுங்கள்.

கோனிக்ஸீ ஏரி. பெர்ஷ்டெஸ்காடன் பக்கம். 1909-லிருந்து மின்சாரப் படகுகள் மட்டுமே ஓடுவதால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. படகோட்டி நடுவில் நிறுத்திக் கொம்பு ஊதுவார், பாறை அதைத் திருப்பிச் சொல்லும். எல்லோரும் புனித பர்த்தலோமே தேவாலயத்தில் இறங்கித் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கடைசி நிறுத்தமான ஸாலெட் வரை போய், அங்கிருந்து ஓபர்ஸீ ஏரிக்கு நடந்து போங்கள். காலை முதல் படகில் போவது நல்லது. ஆகஸ்டில் பத்து மணிக்கு மேல் வரிசை நீளும்.

ஹாலே. தமிழர் ஜெர்மனியை விட்டுப் போகும் முன் பார்க்க வேண்டிய ஊர் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் பத்து ஆண்டு இருந்தவர்கள்கூடப் போனதில்லை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு, சாக்சனியின் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து ஹாலேயில் படித்தவர். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. 1698-ல் தொடங்கிய பிராங்கே அறநிலையம் இன்றும் அதே வளாகத்தில் இருக்கிறது. அனாதை இல்லக் கட்டடத்தின் மேல்தளத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு அரும்பொருள் கூடத்தைப் பழைய அலமாரிகளோடு பார்க்கலாம். அறநிலையத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் மிஷனரிகளின் கடிதங்களும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பார்க்க விரும்பினால் வாசிப்பு அறைக்கு முன்கூட்டியே எழுதி நேரம் பெறுங்கள்; எதைப் பார்க்க வேண்டும், ஏன் என்று ஓரிரு வரி போதும். பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். ஊர் திரும்பியபின் தரங்கம்பாடியில் 1718-ல் திறந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போங்கள். சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். இந்தக் கதையின் இரு முனைகளையும் நேரில் பார்க்கும் வாய்ப்பு உங்களைப் போல் அங்கும் இங்கும் வாழ்ந்தவர்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது.

ஹம் காமாட்சி அம்பாள் கோயில். நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவில், ஹம் நகரின் உவென்ட்ராப் பகுதியில், தொழிற்பேட்டை நடுவே கோபுரம் எழுந்து நிற்கும். போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்கு கண்ட கோயில். தேர்த் திருவிழா மே இறுதியிலோ ஜூனிலோ வரும். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் திரளுவார்கள். உங்கள் கடைசி மாதங்கள் அந்த நேரத்தில் அமைந்தால் தேதியைக் கோயிலில் கேட்டு அதைச் சுற்றியே ஒரு வார இறுதியை அமையுங்கள்.

ரேகன்ஸ்பர்கின் கல்பாலம், பாம்பெர்க், விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் அமைந்த நோர்ட்லிங்கன் ஆகிய மூன்றும் மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடியவை. செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவற்றை வையுங்கள். செப்டம்பர் பிற்பாதியில் மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கும். அப்போது ஊரிலிருந்து பெற்றோரை அழைத்தால் ஓட்டல் வாடகை கடுமையாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அவர்களை ஜூனிலேயே அழைத்துவிடுங்கள்.

ஆறாவது படி: சாமான்

பெரிய பயணத்துக்கும் கப்பல் பெட்டிகளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். கடல்வழிச் சாமான் வீடு வந்து சேர இரண்டு மாதம் அல்லது அதற்கு மேல் ஆகும் என்று கணக்கிடுங்கள். குறைந்தது இரண்டு ஆண்டு வெளிநாட்டில் இருந்து நிரந்தரமாகத் திரும்புவோருக்கு இந்தியச் சுங்கத்தில் இடம்பெயர்வுச் சலுகை உண்டு. இடையில் ஊரில் தங்கிய நாட்களுக்கும் அதில் வரம்பு இருக்கிறது. பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துக் கணக்குப் பார்த்து, நடப்பு விதியை அனுப்பும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொருட்பட்டியலை இருவரும் சேர்ந்து எழுதுங்கள்.

சமையலறை அலமாரிகள் உங்கள் சொந்தமானால் அடுத்து வரும் வாடகைதாரருக்கு விற்பதே சிறந்த வழி. வீட்டைப் பார்க்க ஆட்கள் ஜூலை, ஆகஸ்டில் வருவார்கள். பயணத் தேதிகளை உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் நடுவில் போன் வராது. பெரிய கழிவுகளை எடுத்துச் செல்ல மாநகராட்சியிடம் முன்பதிவு செய்யுங்கள். வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

ஏழாவது படி: கடைசி பத்து நாள்

இந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வேண்டாம். குடிபதிவை நீக்கும் அப்மெல்டுங்கை வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, காலி செய்த இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். கட்டணம் இல்லை. கையில் தரும் சான்றிதழை ஸ்கேன் செய்து, மூலத்தைக் கைப்பையில் வையுங்கள். மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்தவும், இணைய இணைப்பை ஒப்பந்தக் காலத்துக்கு முன் முடிக்கவும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். தனிநபர் பொறுப்புக் காப்பீட்டை வீட்டுச் சாவியை ஒப்படைத்த பிறகே முடியுங்கள். ஒப்படைக்கும்போது மின் மீட்டர் எண்ணையும் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, உரிமையாளரின் கையெழுத்தோடு குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாலையை அண்டைவீட்டாருக்கு ஒதுக்குங்கள். படிக்கட்டில் வணக்கம் சொல்லி, பார்சல் வாங்கி வைத்து, உங்கள் தாளிப்பு வாசனையைப் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள். வடையும் காபியும் போதும். பெட்டிகளுக்கு நடுவே நடந்தாலும் பரவாயில்லை, ஆனால் நடக்க வேண்டும்.

எட்டாவது படி: ஊருக்குப் போன பிறகு

தபாலை ஜெர்மனியிலுள்ள நம்பிக்கையான நண்பர் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். ஆண்டு நடுவில் வேலையை விட்டவர்களுக்கு வரி பெரும்பாலும் கூடுதலாகப் பிடித்திருப்பார்கள். அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்தால் ஒரு பகுதி திரும்ப வரும், அதனால் வரித்துறையின் இணையத்தளமான எல்ஸ்டரில் உள்ள கணக்கின் கடவுச்சொல்லையும் சான்றுக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். ஓய்வூதியப் பங்களிப்பைத் திரும்பப் பெறத் தகுதி இருந்தால்கூட, கட்டாயக் காப்பீடு நின்று 24 மாதம் கழித்தே விண்ணப்பிக்க முடியும். உங்கள் பங்கு மட்டுமே கிடைக்கும், நிறுவனத்தின் பங்கு கிடைக்காது. காப்பீட்டு எண் உள்ள காகிதத்தை இருவரும் தனித்தனியே வைத்திருங்கள்.

வீட்டு டெபாசிட்டில் ஒரு பகுதியை, தண்ணீர், வெப்பமூட்டல் செலவுகளின் ஆண்டுக் கணக்கு வரும்வரை உரிமையாளர் நிறுத்தி வைக்கலாம். கணக்குக் காலம் முடிந்து 12 மாதம்வரை அவருக்கு அவகாசம் உண்டு. அதனால் ஜெர்மானிய வங்கிக் கணக்குகளில் ஒன்றையாவது, மாதக் கட்டணம் குறைவாக உள்ளதைப் பார்த்து, திறந்தே வையுங்கள். வங்கிச் செயலி உங்கள் பழைய ஜெர்மன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்து, இந்திய எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். டெபாசிட்டும் வரித் தொகையும் வந்து சேர்ந்த பிறகே கணக்கை மூடுங்கள்.